கூப்பிட்ட பெயர்

சினிமாக்காரர்கள் எங்கள் ஊருக்கு வரப்போகிறார்கள் என்றதும் முதலில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். யாரைப் பற்றிய படம் என்று கேட்டார்கள். பாளை சீவுகிற வகினோவைப் பற்றி என்று என் அண்ணன் ஹர்யோதோ சொன்னான். அவன்தான் ஊர்த்தலைவன். அதைக் கேட்டதும் ஊராட்சிக் கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழத் தொடங்கினார்கள். கிழவர் சன்ரேஜா மட்டும், "அவனைப் பத்தி எடுக்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வகினோவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. காலையிலும் மாலையிலும் பதினெட்டுத் தென்னை ஏறுவார். மூங்கில் குழாயில் சேர்ந்த பதநீரை இறக்கி, குடிசைக்குப் பின்னால் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவார். எழுதப் படிக்கத் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் நம்புவார். கடல் தீப்பிடித்துவிட்டது என்று சொன்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார் என்று எங்கள் கராங்செமியில் கேலி பேசுவார்கள்.

அறுபத்தைந்தாம் வருஷக் கடைசியில், கம்யூனிஸ்ட் என்று சொல்லி நாடு முழுக்க ஊர் ஊராக ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன நாட்களில், எங்கள் ஊருக்கும் ஒரு ராணுவ வண்டி வந்தது. வகினோ அப்போது மரத்தின் மேல் இருந்தார். கீழேயிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இறங்கி வந்தார். ஒரு சிறைத் தீவில் கிடந்துவிட்டுத் திரும்பி வர எட்டு வருஷம் ஆயிற்று. வந்தபோது அவர் அம்மா செத்துப்போயிருந்தாள். வீடு இருந்த இடத்தில் யாரோ மரவள்ளி நட்டிருந்தார்கள். பேசி வைத்திருந்த பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். அடையாள அட்டையில் முன்னாள் கைதி என்று முத்திரை இருந்ததால் மாதம் ஒருமுறை போலீஸ் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் காய்ச்சிய கருப்பட்டியைச் சந்தையில் இன்னொருத்தி பெயரில்தான் விற்க முடிந்தது.

ஏன் பிடித்தார்கள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அந்தக் கட்சியின் விவசாயிகள் சங்கம் சும்மா கொடுத்த மண்வெட்டிக்குக் கைநாட்டு வைத்தான் என்பார் ஒருவர். கொடி கட்ட மரம் ஏறினான் என்பார் இன்னொருவர். நெருப்பில்லாமல் புகையுமா என்று முடிப்பார்கள். அதைவிடத் தணிந்த குரலில் இன்னொரு பேச்சும் உண்டு. யாரோ கை காட்டினார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் அந்தப் பேச்சு சட்டென்று மழையைப் பற்றியோ விதையைப் பற்றியோ மாறிவிடும். அன்று காலை ராணுவக்காரர்களோடு நின்றது எங்கள் அப்பா மார்த்தவிஜயா என்று நான் பள்ளிக்கூடத்திலேயே ஒருத்தி வாயால் கேட்டிருக்கிறேன். அப்பா ஊருக்கு வாய்க்கால் தண்ணீர் முறை பார்த்தவர். யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். அவரிடம் போய் இதை எப்படிக் கேட்பது? தொண்ணூற்றைந்தில் அவர் இறந்துபோனார். நான் கேட்கவேயில்லை.

படக்குழு வருவதற்கு இரண்டு நாள் முன்பு அண்ணன் என் வீட்டுக்கு வந்தான்.

"சுபர்மி, அவங்களுக்குச் சமைச்சுப் போடற வேலையை உனக்குத்தான் பேசி வெச்சிருக்கேன்."

"எனக்கா? உன் மச்சினி கேக்கலையா, காங்?" அண்ணனை நாங்கள் காங் என்றுதான் கூப்பிடுவோம்.

"கேலி பண்ணாதே. நீ அங்க இருக்கணும். அந்த ஆளு என்ன சொல்றான், யார் பேரைச் சொல்றான்னு எனக்குத் தெரியணும்."

"அப்பா பேரைச் சொல்வாருன்னு பயமா?"

அவன் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "பயம் என்ன பயம். தேர்தல் வருது. எதிர்க்கட்சிக்காரன் பணம் போட்டு எடுக்கறானோ என்னவோ. இத்தனை வருஷம் இல்லாம இப்ப எதுக்குப் படம்?"

எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

இயக்குநர் அனிந்தியா யோக்யா நகரத்திலிருந்து வந்த பெண். முப்பது வயது இருக்கும். குட்டையாக வெட்டிய முடி. யாரைப் பார்த்தாலும் கும்பிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பே ஊருக்குப் பிடிக்கவில்லை. "இவ்வளவு சிரிக்கறவ எதையோ தோண்ட வந்திருக்கா" என்றார்கள். என் அடுப்படிக்கு வராதவர்கள் எல்லாம் வந்தார்கள். ஒருத்தி உப்புக் கேட்டு வருவாள், ஒருத்தி சும்மா வருவாள். சன்ரேஜா தினமும் வந்து சூடான மெந்தோவான் பஜ்ஜி இரண்டு எடுத்துக் கடித்துக்கொண்டே கேட்பார்.

"இன்னிக்கு யார் பேரு வந்துச்சு?"

"யார் பேரும் வரலை, பெரியப்பா."

"வரலையா, இல்ல நீ சொல்ல மாட்டேங்கறியா?"

அவருக்கு என்ன பயமோ. ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டதைப் பார்த்தபோது, கை காட்டியது ஒருவர் இல்லை, ஊரே காட்டியிருக்கும் போலிருக்கிறது என்று தோன்றியது.

வகினோவை நாங்கள் லிக் என்று கூப்பிடுவோம், சித்தப்பா முறை. அவர் மட்டும் நன்றாக இருந்தார். அவராக நடித்த நகரத்துப் பையன் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் தொங்கினபோது விழுந்து விழுந்து சிரித்தார். தினமும் பிற்பகலில் அனிந்தியா ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு அவரோடு உட்காருவாள். இரண்டு மணி நேரம் பேசுவார். முப்பது வருஷம் வாய் திறக்காத மனுஷன் இரண்டு மணி நேரம் என்னதான் பேசுகிறார்?

"லிக், இன்னிக்கு என்ன சொன்னீங்க?"

"எங்கம்மா வெக்கற கீரைக் குழம்பைப் பத்தி."

"அவ்வளவு நேரமா?"

"நல்ல குழம்பு அம்மாடி."

சோறு பிசைந்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை முதன்முதலாக நான் சந்தேகப்பட்டேன். இந்த அப்பாவித்தனம் முழுக்க வேஷமோ? மரத்தின் மேலிருந்து ஊரையே பார்த்துக்கொண்டிருந்த ஆள். எந்த வீட்டில் யார் நுழைந்தார்கள், யார் யாரோடு நின்றார்கள் என்று எல்லாம் தெரிந்தும் காலம் பார்த்துக் காத்திருந்தாரோ? அன்றைக்கு அவர் இலையில் சின்ன மீனாகப் பார்த்து வைத்தேன்.

மூன்றாவது வாரம் அனிந்தியா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. வகினோ ஐயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

"தன் பேரைக்கூட எழுதத் தெரியாதும்மா."

"நிச்சயமா? காட்டிக்காம இருக்கலாமில்ல?"

ஒரு காகிதத்தை நீட்டினாள். சிறையிலிருந்து விடுவித்தபோது அவருக்குக் கொடுத்த தாளின் நகல். வகினோ, விவசாயிகள் சங்கச் செயலாளர், காலிவாரு குடியிருப்பு என்று தட்டச்சு செய்திருந்தது.

"கைநாட்டு வெக்கறவரை யாராவது செயலாளர் ஆக்குவாங்களா? காலிவாருவுல இருந்ததே இல்லைன்னு அவர் சொல்றார். ஒண்ணு இந்தத் தாள் பொய், இல்ல அவர் என்கிட்ட எதையோ மறைக்கறார். என் படமே அவர் வார்த்தையை நம்பி நிக்குது அக்கா."

காலிவாரு எங்கள் ஊருக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிற குடியிருப்பு. அறுபத்தைந்தில் அங்கே பாதி வீடுகள் காலியாயின. வகினோவுக்கும் அந்த இடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அவள் என்னையும் சந்தேகமாகத்தான் பார்த்தாள்.

அன்று மாலை நடந்ததை அண்ணனிடம் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. "பாத்தியா? செயலாளராமே! நான் அப்பவே சொன்னேன், அவன் லேசுப்பட்ட ஆள் இல்ல. அப்பா ஒண்ணும் சும்மா கை காட்டியிருக்க மாட்டார்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "எதுக்கும் அப்பாவோட தகரப்பெட்டி உன்கிட்டதானே இருக்கு? அந்தக் காலத்துத் தாள் ஏதாவது இருந்தா எடுத்து எரிச்சுடு."

பெட்டியைத் திறந்தேன். நிலப் பத்திரங்கள், தண்ணீர் முறை எழுதின நோட்டுகள், எங்கள் பிறப்புச் சான்றுகள். எல்லாவற்றுக்கும் அடியில் அப்பா அம்மாவின் திருமணத் தாள் இருந்தது. அறுபத்தொன்றாம் வருஷம். மணமகளின் பெயர் அம்மாவுடையது. மணமகன் பெயரை இரண்டு முறை படித்தேன்.

வகினோ, திருமணத்துக்குப் பின் மார்த்தவிஜயா. பிறந்த இடம், காலிவாரு. அப்பா இந்த ஊரிலேயே பிறந்தவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் கல்யாணத்தின்போது சின்னப் பேரை விட்டுவிட்டுப் பெரிய பேர் எடுத்துக்கொள்வது வழக்கம்தான். எங்கள் ஐந்து நாள் சந்தைச் சுற்றில் வாகே என்கிற நாளில் பிறந்த ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் வகினோ. அப்பாவுக்கும் ஒரு சின்னப் பேர் இருந்திருக்கும் என்று நான் ஏன் ஒருநாளும் யோசிக்கவில்லை? அவருக்கு அழகான கையெழுத்து. சங்கத்துக்குச் செயலாளர் வேண்டுமென்றால் காலிவாருவில் வேறு யாரைக் கூப்பிட்டிருப்பார்கள்? பெட்டியின் முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தேன். இத்தனை வருஷமாக அப்பா யாரைக் காட்டிக் கொடுத்தார் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். ராணுவம் தேடி வந்ததே அவரைத்தான் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

மறுநாள் காலை தாளை மடியில் செருகிக்கொண்டு வகினோவின் அடுப்புக்குப் போனேன். பதநீர் கொதித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. துருவின தேங்காயைக் கொஞ்சம் தூவி, பொங்குவதை அடக்கினார்.

"லிக், எங்கப்பாவோட சின்னப் பேரு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கிளறுவதை நிறுத்தவில்லை. "தெரியுமே. வகினோ. மாடு மேய்க்கையில அவன் மேட்டு வகினோ, நான் பள்ளத்து வகினோ."

"அன்னிக்கு அவங்க யாரைத் தேடி வந்தாங்கன்னும் தெரியுமா?"

"அது உடனே தெரியலை. வகினோ, இறங்கி வான்னு கூப்பிட்டாங்க. என் பேரு, நான் இறங்கினேன். சங்கத்துச் செயலாளரான்னு கேட்டு அடிச்சாங்க. இல்ல ஐயா, நான் பாளை சீவறவன்னேன். அதுக்கும் அடிச்சாங்க. உங்கப்பனை அப்ப எல்லாரும் மார்த்தவிஜயான்னுதானே கூப்பிடறாங்க? அவனும் ஒரு வகினோங்கறதே எனக்கு மறந்து போச்சு. மூணாவது வருஷம் ஒருநாள் கல்லு உடைச்சுக்கிட்டிருக்கையில திடீர்னு ஞாபகம் வந்துச்சு. அட, இது மேட்டு வகினோவைத் தேடினதாச்சேன்னு."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா? என்னை விட்டுடுவாங்களா? அவனையும் கொண்டுவந்து பக்கத்துல போடுவாங்க. ரெண்டு வகினோ ஆயிடும். அவ்வளவுதான்."

அவருக்கு இதெல்லாம் பெரிய யோசனையாகவே தெரியவில்லை. நான் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினேன். பிறகு கேட்டே தீர வேண்டியதைக் கேட்டேன்.

"கை காட்டினது எங்கப்பாதானா?"

அப்போதும் கிளறிக்கொண்டேதான் சொன்னார். "மேலேருந்து பார்த்தா முகம் தெரியாது, தலைதான் தெரியும். ஒரு கருப்புத் தொப்பி. அதுகிட்ட அவங்க என்னமோ கேட்டாங்க. கை ஒண்ணு மரத்தைப் பார்த்து எழும்புச்சு. அது நடுங்கறது அங்கேருந்தே தெரிஞ்சுது."

நான் அழுதேன். மடியிலிருந்த தாளை எடுத்தேன். இதை அந்த அனிந்தியாவிடம் கொடுக்கப் போகிறேன், ஊருக்கே சொல்லப் போகிறேன், உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்றேன். அப்போதுதான் அவர் கிளறுவதை நிறுத்தினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"வேண்டாம். உன்னை யார் கேட்டா? என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க, நான் போனேன். அப்படித்தான் எட்டு வருஷத்தையும் கழிச்சேன். இப்ப நீ வந்து அது உன் பேரு இல்ல, இன்னொருத்தன் பேருன்னா, அந்த எட்டு வருஷத்தை நான் எங்க கொண்டுபோய் வெக்கறது?"

தாளை மடித்து வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு நடந்துவரும்போது பழைய சந்தேகமே வேறு முகத்தோடு வந்தது. அவர் உண்மையிலேயே தனக்காகத்தான் சொல்கிறாரா? அல்லது அழுதுகொண்டு நின்ற என்னைப் பார்த்து, என் அப்பாவுக்காகச் சொல்கிறாரா? அந்த அளவுக்குச் சூது தெரிந்தவரா, அந்த அளவுக்குச் சூது இல்லாதவரா? அனிந்தியாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அந்த விடுதலைத் தாளைப் படத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டாள்.

அண்ணனிடம் மட்டும் திருமணத் தாளைக் காட்டினேன். அவனும் இரண்டு முறை படித்தான். முகம் வெளுத்துப்போயிற்று. அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று நின்றேன்.

"இதை வேற யார் பாத்தாங்க?" என்றான்.

"யாரும் இல்ல."

"நிஜமாவா?"

என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, தாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். அதை என்ன செய்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எட்டு மாதம் கழித்துப் படத்தை எங்கள் ஊராட்சிக் கூடத்திலேயே போட்டுக் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஜன்னல்களுக்குக் கருப்புத் துணி கட்டியிருந்தார்கள். தேர்தல் முடிந்து அண்ணன் ஜெயித்திருந்தான், ஆனாலும் முதல் வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். உட்கார இடமில்லாத கூட்டம். படத்தைப் பார்க்க வந்தவர்கள் குறைவு. படத்தில் யார் வருகிறார்கள் என்று பார்க்க வந்தவர்கள்தான் அதிகம்.

நகரத்துப் பையன் மரம் ஏறியதும் வகினோ சத்தமாக, "வலது காலை முதல்ல வெக்கறான் பாரு, விழப்போறான்" என்றார். கூட்டம் சிரித்தது. திரையில் அவருடைய அம்மா கீரை ஆய்ந்தாள், அவர் பெண் பார்க்கப் போய் வாசற்படியில் தடுக்கி விழுந்தார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு ராணுவ வண்டி வந்தது. படத்தில் நாலு வீரர்கள் மரத்தடிக்கு வந்தார்கள். அவர்களோடு வேறு யாரும் இல்லை. ஒருவன் அண்ணாந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பையன் குழாய்களை இடுப்பில் சரிசெய்துகொண்டு, பதநீர் சிந்தாமல், மெதுவாக இறங்கி வந்தான்.

"யாரு கை காட்டினா? அதைக் காட்டலையே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

வகினோ திரும்பினார். "யாரும் காட்டலை. கூப்பிட்டாங்க, வந்தேன்."

கூடம் முழுக்க மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. சன்ரேஜா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். அவர் எதற்காக அழுதார் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்ததும் பழையபடி தொடங்கிவிட்டார்கள். "அவன் சொல்லியிருப்பான், அந்தப் பொண்ணு வெட்டி எடுத்திருப்பா." "தலைவர் பேசி முடிச்சிருப்பார்."

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் படம் வேறு ஊர்களுக்கும் போயிற்று. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் நான் வகினோவுக்குச் சோறு கொண்டுபோனபோது குடிசை வாசலில் புதிதாக ஒரு கிழவர் நின்றிருந்தார். ஒரு கண்ணில் பார்வை இல்லை. காலிவாருக்காரர், காஸ்முங்கி என்று பெயர் சொன்னார். கிழக்கே தூரத் தீவில் பதினான்கு வருஷம் கைதியாக இருந்துவிட்டு, பிறகு ஊர் திரும்பாமல் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டவர்.

"எங்க செயலாளர் வகினோ உயிரோட இருக்கான்னு படத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. எங்கே அவன்?"

"நான்தான் வகினோ" என்றார் இவர்.

கிழவர் கிட்டே வந்து நல்ல கண்ணால் உற்றுப் பார்த்தார். "நீ இல்லையே. யாருய்யா நீ? செத்தவன் கதையைத் திருடிச் சினிமாவுல விக்கறியா?"

வகினோவுக்குப் பொய் சொல்ல வராது. மெய்யைச் சொல்லவும் அவருக்கு மனமில்லை. கையில் சிரட்டையோடு, திருட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு, அப்படியே நின்றார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பெரியப்பா, என்கூட வாங்க" என்று கிழவரின் கையைப் பிடித்தேன். வகினோ என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. நான் நிற்கவில்லை.

கல்லறைத் தோட்டம் வரை நடந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பாவின் கல்லில் மார்த்தவிஜயா என்று மட்டும் இருந்தது. காஸ்முங்கி விரலால் எழுத்துகளைத் தடவினார்.

"வகினோ எங்கேன்னு கேட்டுத்தான் என் கண்ணை எடுத்தாங்க" என்றார். "நான் சொல்லலை. அப்புறம் அவனைப் பிடிச்சாச்சுன்னு அவங்களே சொன்னாங்க. நாலு நாள் அழுதேன் அவனுக்காக."

அவர் காறித் துப்புவார் என்று நினைத்தேன். துப்பினாலும் நான் தடுத்திருக்க மாட்டேன். அவர் துப்பவில்லை, பிரார்த்தனையும் சொல்லவில்லை. சும்மா நின்றார். வெயில் ஏறியதும், "அந்த இன்னொருத்தன் சாப்பிட்டானோ என்னவோ, உன் கையில சோறு ஆறுது பார்" என்று திரும்பி நடந்தார்.

நாங்கள் போனபோது வகினோ வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். என்னை முறைத்தார். காஸ்முங்கி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்க தீவுல கொசு எப்படி?" என்று கேட்டார்.

"பெருசு" என்றார் வகினோ. "உங்களுதுல?"

"எங்களுது மாட்டையே தூக்கிட்டுப் போகும்."

வகினோ அதை அப்படியே நம்பினார். எவ்வளவு பெரிய மாடு என்று கேட்டார். காஸ்முங்கி சிரிக்கத் தொடங்கினார். நான் சோற்றை இரண்டு இலையில் பகிர்ந்து வைத்தேன். மாலை ஏறவேண்டிய பதினெட்டு மரத்தையும் அன்று வகினோ ஏறவில்லை.

அதற்குப் பிறகு நோன்புப் பெருநாள் முடிந்ததும் காஸ்முங்கி ஒவ்வொரு வருஷமும் வந்தார். வகினோ என்னிடம் ஒரு மாதம் பேசாமலிருந்து, பிறகு பேசினார். அண்ணன் அவர் வீட்டுப் பக்கம் போகவேயில்லை, ஊரும் யாரைச் சந்தேகப்படுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வகினோ எழுபத்தொன்றாவது வயதில் தூக்கத்திலேயே இறந்தார். கல்லில் என்ன பெயர் எழுதுவது என்று கேட்டார்கள். வகினோ என்றே எழுதச் சொன்னேன்.